கோர்ட் சீன்: வசனமும் வாசிப்பும்

ரசிகன் என்ற சொல்லை நம் சிறுபத்திரிகைகள் மரியாதையோடு எழுதியதே கிடையாது. 'ரசிக மனோபாவம்' என்றால் நம்மிடையே அது வசவு. கட்அவுட், பாலாபிஷேகம், முதல் நாள் முதல் காட்சி என்று ஒரு பட்டியலை ஒப்பித்துவிட்டு, ஏதோ தொற்றுநோயைப் பற்றிப் பேசியதுபோல மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம். அந்த நோய்களில் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்: கோர்ட் சீன் மீது நம் சனங்களுக்கு இருக்கும் தீராத மோகம். இதை எழுதத் தூண்டியது ஒரு ஜப்பானிய வீடியோ கேம். வக்கீலாக இருந்து ஆடும் ஆட்டம் அது. உலகம் முழுக்க அதற்கு வெறிபிடித்த ரசிகர்கள் இருக்கிறார்கள். (முகம் சுளிக்கும் தோழர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும், அங்கே வருவதற்கு முன் நம் வீட்டுக் கணக்கைப் பார்த்துவிடலாம்.)

1984-ல் வந்த 'விதி'யிலிருந்து தொடங்குவோம். இயக்கம் கே. விஜயன், வசனம் ஆரூர்தாஸ், மூலம் 1981-ல் தெலுங்கில் வந்த 'நியாயம் காவாலி'. ஏமாற்றப்பட்டுக் கைவிடப்பட்ட பெண் ஒருத்தி நியாயம் கேட்டுக் கோர்ட்டுக்கு வருகிறாள். அவளுக்காக வாதாடுவது ஒரு பெண் வக்கீல். எதிரே நிற்கும் வக்கீல் ஏமாற்றியவனின் அப்பா. படத்தைவிட அதன் வசன கேசட்டின் கதைதான் பெரியது. கல்யாணம், காதுகுத்து, திருவிழா, டீக்கடை என்று குழாய் ரேடியோ கட்டின இடத்திலெல்லாம் சுஜாதாவும் ஜெய்சங்கரும் வாதாடிக்கொண்டே இருந்தார்கள். என் அம்மா தலைமுறைப் பெண்கள் அந்தக் குறுக்கு விசாரணையை அட்சரம் பிசகாமல் சொல்வார்கள். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தாலி கட்டுகிற பந்தலில், தாலி கட்டாமல் ஏமாற்றியவன் மீதான வழக்கு ஊருக்கே கேட்கிற மாதிரி ஓடுகிறது, யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு பெண்ணை வீட்டுக்குள் வைத்து மிரட்டி அடக்கிவிடக்கூடிய விஷயம் கோர்ட் என்ற சட்டகத்துக்குள் வந்ததும் பொது இடத்தில் உரக்கப் பேசக்கூடியதாகிவிடுகிறது. அது வெறும் பொழுதுபோக்கு என்று சொல்பவர்கள் அந்தப் பந்தலில் உட்கார்ந்திருந்த பெண்களின் காதைப் பற்றி யோசிக்காதவர்கள்.

இதற்கெல்லாம் தாய்ப்பிரதி 1952-ன் 'பராசக்தி'. கிருஷ்ணன் - பஞ்சு இயக்கம், கருணாநிதி வசனம். கூண்டில் நின்று குணசேகரன் பேசும் பேச்சை ஒப்பித்துத்தான் அதற்குப் பின் வந்த பாதி நடிகர்கள் வாய்ப்புக் கேட்டார்கள். பள்ளிக்கூட ஆண்டுவிழா மேடையில் அந்தக் கூண்டு இல்லாத ஊர் இருந்திருக்காது. சரி, அதே படத்தில் இன்னொரு விசாரணை இருக்கிறதே, அது யாருக்கு நினைவிருக்கிறது? பெற்ற குழந்தையை ஆற்றில் வீசியதாகக் கல்யாணி கூண்டில் நிற்கிறாள். வறுமைதான் காரணம் என்று அவளும் தன் தரப்பைச் சொல்கிறாள். விசாரிக்கும் நீதிபதி அவளுடைய சொந்த அண்ணன், உண்மை தெரிந்ததும் மயங்கி விழுகிறார். நீதியே மயங்கி விழுகிற அந்த இடம் படத்தின் உச்சமாகியிருக்க வேண்டும். ஆனால் ரசிக நினைவு தங்கையின் வாக்குமூலத்தைத் தள்ளிவிட்டு அண்ணனின் சொற்பொழிவை எடுத்துக்கொண்டது. மேடையில் ஒப்பிக்கத் தோதான ஆண் குரல் ஜெயித்தது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

இந்த மோகம் எங்கிருந்து வந்தது? அடுக்குமொழிக் கவர்ச்சி, திராவிட இயக்க மேடைத் தமிழ் என்று வழக்கமாகச் சொல்வார்கள். பொய்யில்லை, ஆனால் போதாது. 1952-ல் நிஜக் கோர்ட்டில் வழக்கு எந்த மொழியில் நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். கீழ்க்கோர்ட்டுகளுக்குள் தமிழ் சட்டப்படி நுழைந்ததே பின்னால்தான், ஆட்சிமொழிச் சட்டமும் அதன் திருத்தங்களும் வந்து மெதுமெதுவாக. உயர்நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006-ல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அரசியலமைப்பின் 348-ஆம் பிரிவு அப்படியே நிற்கிறது, அங்கே நடவடிக்கை இன்றும் ஆங்கிலத்தில்தான். தன் வழக்கில் தன்னைப் பற்றி என்ன பேசினார்கள் என்று வெளியே வந்து குமாஸ்தாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் சனங்கள் நாம். டவாலி கூப்பிடும் தன் பெயர் ஒன்றுதான் புரிகிறது. அப்படிப்பட்டவனுக்கு ஒருவன் கூண்டில் நின்று தன் வாழ்க்கையைத் தமிழில், இடைமறிப்பு இல்லாமல், முழுசாகச் சொல்லி முடிக்கிறான் என்பதே கனவுதான். ரசிகன் கைதட்டியது சட்டத்துக்கு இல்லை. சட்டம் தர மறுத்த பேச்சுக்கு.

சினிமா வருவதற்கு முன்பும் இந்தக் கனவு இருந்தது. எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்தில், செய்யாறு பக்கத்துப் புரிசை போன்ற ஊர்களில், தெருக்கூத்து இன்னும் உயிரோடிருக்கிறது. திரௌபதி அம்மன் திருவிழாவில் துகிலுரிதல் நடக்கும் ராத்திரி என்பது ஒரு கோர்ட் சீன் நடக்கும் ராத்திரிதான். துரியோதனன் சபையில் திரௌபதி கேட்பது அழுகையல்ல, சட்டப் பிரச்சினை: தன்னையே தோற்றுவிட்டவனுக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது? சபையிலிருக்கும் பெரிய மனிதர்கள் யாருக்கும் பதில் இல்லை. தர்மம் நுட்பமானது என்று பீஷ்மர் நழுவுகிறார். (இதைவிட நீதிபதித்தனமான வாக்கியம் உலகத்தில் இல்லை.) சேலையைத் தொடுவதற்கு முன் துச்சாதன வேஷக்காரர் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத் தொடங்கும் வழக்கம் உண்டு. கீழே பார்த்துக்கொண்டிருக்கும் பெண்களில் சிலருக்குச் சாமி வந்துவிடும். அவர்களைப் பக்தைகள் என்று மட்டும் குறித்துக்கொண்டால், தீர்ப்பில்லாமல் விடப்பட்ட ஒரு கேள்விக்கு உடம்பால் பதில் சொல்கிறவர்கள் என்பது விடுபட்டுப்போகும்.

தமிழ் எம்.ஏ. படித்தவன் கண்ணகியைச் சொல்லாமல் விட முடியாது. பாண்டியன் சபையில் அவள் வெறும் கோபத்தால் ஜெயிக்கவில்லை. அரசியின் சிலம்பில் இருப்பது முத்து, தன் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்று இரண்டு தரப்பையும் பதிவு செய்தபின் உடைத்துக் காட்டுகிறாள். பொருள் சாட்சியம், அதோடு வழக்கு முடிந்தது. நாம் என்ன செய்தோம்? சாட்சியத்தைப் படிக்கத் தெரிந்த அந்தப் பெண்ணை வகுப்பறையில் கற்புக்கரசியாக்கினோம், 1964-ன் 'பூம்புகார்' படத்தில் வசனக்காரியாக்கினோம், 1968-ல் மெரினாவில் சிலையாக்கினோம். அவள் கையில் சிலம்பு இருக்கிறது, அதை அவள் *எப்படி* வாசித்தாள் என்பதுதான் காணாமல் போயிற்று.

இப்போது அந்த வீடியோ கேம். 2001-ல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் கையடக்கக் கருவி ஒன்றுக்காக வெளியிட்டது. ஜப்பானியப் பெயர் 'க்யாகுதென் சாய்பான்', தலைகீழாகத் திரும்பும் விசாரணை என்று பெயர்த்துக்கொள்ளலாம். எழுதி இயக்கியவர் ஷூ தகுமி. 2005-ல் 'ஏஸ் அட்டர்னி' என்று ஆங்கிலத்தில் வந்தபோது கதை அமெரிக்காவுக்கு மாற்றப்பட்டது, கதாபாத்திரம் விரும்பிச் சாப்பிட்ட ராமென் நூடுல்ஸ் பர்கராகிவிட்டது. நாயகன் ஒரு கத்துக்குட்டி வக்கீல். ஜப்பானிய மூலத்தில் அவன் பெயர் நருஹோதோ, 'ஓ, அப்படியா' என்று அர்த்தம். நீதிபதிக்குப் பெயரே இல்லை. தாடிவைத்த அந்தக் கிழவர் கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் பக்கம் சாய்வார். கூத்துப் பார்த்த நமக்கு அவரை உடனே அடையாளம் தெரியும்: நீதிபதி வேஷம் கட்டிய கட்டியக்காரன். ஒரு வழக்கில் கிளியைக் கூண்டிலேற்றிக் குறுக்கு விசாரணை செய்கிறார்கள். (கிளி ஜோசியம் பார்த்த ஊருக்கு இது பெரிய அதிசயமில்லை.)

ஆட்டத்தின் விதி எளிது. சாட்சி சொல்லும் வாக்குமூலம் வாக்கியம் வாக்கியமாக வரும். உங்களிடம் பிரேதப் பரிசோதனை அறிக்கை, புகைப்படம், கைப்பற்றிய பொருள் என்று ஒரு கட்டு இருக்கிறது. எந்த வாக்கியம் எந்தப் பொருளோடு முரண்படுகிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் மட்டும் 'ஆட்சேபணை!' என்று விரலை நீட்ட வேண்டும். கண்டபடி நீட்டினால் தண்டம், தொடர்ந்து தப்பினால் வழக்கே தோற்கும். பிற்பாடு வந்த நின்டென்டோ டிஎஸ் கருவியில் அதன் மைக்கில் நிஜமாகவே கத்தலாம். ரசிகர்கள் அந்த விரலையும் கத்தலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். 2009-ல் பெண்கள் மட்டுமே நடிக்கும் தகராசுகா நாடகக் குழு அதை இசைநாடகமாக்கியது, 2012-ல் தகாஷி மீகே படமாக எடுத்தார்.

ஜப்பானியக் கோர்ட்டில் நிஜத்தில் யாரும் இப்படிக் கத்துவதில்லை. குற்றம்சாட்டப்பட்டவர்களில் 99 சதவீதத்துக்கும் மேல் தண்டிக்கப்படும் நாடு அது. குற்றப்பத்திரிகை இல்லாமலே 23 நாள் வரை காவலில் வைத்து விசாரிக்கலாம். அங்கே பெறும் ஒப்புதல் வாக்குமூலமே பாதி வழக்கு. அதைக் 'காகிதக் கட்டு விசாரணை' என்று அங்குள்ள சட்ட அறிஞர்களே விமர்சித்திருக்கிறார்கள். பொதுமக்கள் 6 பேர் நீதிபதிகளோடு உட்காரும் முறையே 2009-ல்தான் வந்தது. அதாவது நம்மாளு தமிழில்லாத கோர்ட்டுக்கு எதிராகத் தமிழ் பேசும் கோர்ட்டைக் கனவு கண்டான். அவன் வாய்பேசாத கோர்ட்டுக்கு எதிராகக் கத்துகிற கோர்ட்டைக் கனவு கண்டான். இரண்டு மோகமும் ஒரே பசியிலிருந்து வருகிறது.

வித்தியாசம் ஒன்றுண்டு, என் அக்கறை அதில்தான். நம் ரசிகன் பேச்சை மனப்பாடம் செய்தான், அந்த ரசிகன் வாக்கியத்தைச் சந்தேகிக்கப் பழகினான். நம்முடையது வசனம், அவனுடையது வாசிப்பு. விளையாட்டுப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று நாம் ஒதுக்குகிற ஒன்று, பிரதியை வரிவரியாகப் பிடித்து அதன் முரணைத் துருவும் வேலையைச் செய்கிறது. 'கட்டுடைப்பு' என்று பத்து வருஷம் பேசிய நம்மில் எத்தனை பேர் ஒரு எஃப்.ஐ.ஆரைக் கட்டுடைத்திருக்கிறோம்? போலீஸ் தமிழ் என்று ஒன்று தனியாக இருக்கிறது. 'மேற்படி நபர்', 'சம்பவ இடத்தில்', 'தப்பியோட முயன்றபோது' என்று போகும் அது. எழுதப்படிக்கத் தெரியாத மலைக்காரப் பெண்ணும், டவுன் வாத்தியாரும், சாராயம் காய்ச்சியவனும் ஸ்டேஷனில் சொன்ன வாக்குமூலங்கள் எல்லாம் ஒரே நடையில், ஒரே ரைட்டரின் நடையில் இருக்கும். அந்த நடைக்குப் பின்னால் அமுங்கிய குரலைத் தேடுவது இலக்கிய விமர்சகனின் வேலை இல்லையென்றால் வேறு யாருடைய வேலை? மனித உரிமை வழக்கறிஞர்கள் சிலர் அதைச் செய்துகொண்டிருக்கிறார்கள், 'முன்னுக்குப்பின் முரண்' என்று அதற்கு அவர்களிடம் அழகான தமிழே இருக்கிறது.

ஆனால் கேமையும் கொண்டாடிவிட முடியாது. அதில் கட்சிக்காரர் பெரும்பாலும் மிரண்டுபோய் உட்கார்ந்திருப்பார், வக்கீல்தான் எல்லாம். நம் சினிமாவும் அங்கே வந்து சேர்ந்துவிட்டது. 'பராசக்தி'யில் கூண்டில் நின்றவனே பேசினான். 2021-ன் 'ஜெய் பீம்' முன்வைத்த பிரச்சினை நிஜமானது, 1993-ல் முதனை கிராமத்தில் நடந்த காவல் சித்திரவதைக் கொலையிலிருந்து எழுந்தது. கொல்லப்பட்டவர் குறவர் சமூகத்தவர், படத்தில் இருளர். செங்கேணி விடாமல் போராடுகிறாள். ஆனாலும் ரசிகர்கள் வெட்டி வெட்டிப் பகிர்ந்துகொண்டது கறுப்பு அங்கி போட்ட நட்சத்திரத்தின் வாதங்களைத்தான். பேச்சுரிமை கூண்டிலிருந்து மேஜைக்கு இடம்பெயர்ந்துவிட்டது.

காலமும் இருக்கிறது. அந்த கேமில் விசாரணை 3 நாளில் முடிந்தாக வேண்டும் என்பது சட்டம். வாய்தா கிடையாது. வாய்தாவைக் காட்டிய படம் என்றால் சைதன்ய தம்ஹானேயின் மராத்திப் படம் 'கோர்ட்' (2014). அதற்கு விருதுகள் கிடைத்தன, விசிலடிக்கிற ரசிகன் கிடைக்கவில்லை. ஜப்பானில் இவாவோ ஹகமாதா 1966-ல் கைதாகி 1968-ல் மரண தண்டனை பெற்றார். சாட்சியமாக வைத்த கால்சட்டை அவருக்குப் போடவே முடியாத அளவு சின்னது. கேமில் முதல் நாளிலேயே விரல் நீட்டியிருக்கக்கூடிய முரண். மிஸோ தொட்டியில் ஊறிச் சுருங்கிவிட்டது என்றது அரசுத் தரப்பு. அந்த உடைகள் ஜோடிக்கப்பட்டவை என்று சொல்லி ஷிசுவோகா நீதிமன்றம் அவரை விடுவித்தது 2024 செப்டம்பரில்.

நமக்குப் பக்கத்திலேயே, அரூர் வட்டத்தில் வாச்சாத்தி. 1992 ஜூன் 20-ல் வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011 செப்டம்பர் 29-ல், 19 வருஷம் கழித்து. குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள். மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023-ல். அந்தப் பெண்கள் கூண்டில் ஏறி, இத்தனை சீருடைகளுக்கு எதிரே, இவன்தான் என்று அடையாளம் காட்டியிருக்கிறார்கள். குறுக்கு விசாரணையில் கலையாமல் நின்றிருக்கிறார்கள். அதை வசனகர்த்தா யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. 'பராசக்தி' வசனம் புத்தகமாகக் கிடைக்கிறது, 'விதி' கேசட்டாகக் கிடைத்தது. அந்தச் சாட்சியங்கள் கோர்ட்டுப் பதிவறையில் கட்டாகக் கிடக்கின்றன. பெயர்களை மறைத்து, கேள்வியும் பதிலுமாக, அந்தப் பெண்களின் சம்மதத்தோடு அச்சில் கொண்டுவர நம் பதிப்பாளர்களில் ஒருவராவது முன்வந்தால் படியெடுக்கிற வேலைக்கு நான் தயார்.