ஓடு உடையாவிட்டால் கை என்ன ஆகும்?

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ பள்ளி ஆண்டு விழாவில் கராத்தே டெமோ என்றால் மேடைக்கு முதலில் வந்து சேர்வது சீமை ஓடுதான். இரண்டு கல்லுக்கு நடுவே ஐந்தாறு ஓட்டை அடுக்கி, சில இடங்களில் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தி, ஆறாம் வகுப்புப் பையனை அதன் முன் நிறுத்துகிறார்கள். நொறுங்கினால் கைதட்டல், நாளிதழில் படம், ஏதாவது ஒரு தனியார் அமைப்பின் ‘உலக சாதனை’ சான்றிதழ். எல்லாமே கண்கட்டு வித்தை என்று இதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஓடு நிஜமாகவே உடைகிறது. எப்படி உடைகிறது என்று புரிந்துகொண்டால்தான், அதைக் குழந்தைகளின் கையில் ஏன் கொடுக்கக் கூடாது என்பதும் புரியும்.

1979 ஏப்ரல் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் மைக்கேல் ஃபெல்ட், ரொனால்ட் மெக்நேர், ஸ்டீபன் வில்க் ஆகிய மூவரும் கராத்தே அடியின் இயற்பியலை எழுதினார்கள். மெக்நேர் பிளாக் பெல்ட் வாங்கியவர். 1986-ல் சேலஞ்சர் விண்கலம் வெடித்தபோது இறந்த எழுவரில் ஒருவர். தேர்ந்த கை நொடிக்கு 10 முதல் 14 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது, 3,000 நியூட்டனுக்கு மேல் விசை தருகிறது, எலும்பு கான்கிரீட்டைவிடச் சுமார் 40 மடங்கு அழுத்தம் தாங்கும் என்பது அவர்கள் கணக்கு. இரு முனைகளில் மட்டும் தாங்கி நிற்கும் ஓடு, அடி விழுந்ததும் நடுவில் வளைகிறது. மேல்பக்கம் அமுங்குகிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது. சுட்ட மண் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. விரிசல் அடியில் பிறந்து மேலே ஏறிவிடும். ஓடுகளுக்கு இடையே சந்து விட்டு அடுக்கினால் ஒவ்வொன்றும் தனித்தனியாக உடையும், மேலோட்டின் துண்டுகளும் கையோடு சேர்ந்து கீழோட்டின் மேல் விழும். சந்து இல்லாமல் அடுக்கினால் அதே ஐந்து ஓடு ஒரே தடித்த பாளமாகிவிடும். பலகையும் அப்படித்தான்: நார் ஓடும் வாக்கில் எளிதாகப் பிளக்கும், நாருக்குக் குறுக்கே லேசில் உடையாது.

ஓடு உடையும்போது அடியின் ஆற்றலில் ஒரு பங்கு அதைப் பிளப்பதில் செலவாகிறது. மிச்ச வேகத்தோடு கை கீழே போய்விடுகிறது. உடையாவிட்டால் கை அதே இடத்தில் சட்டென்று நின்று பின்னால் எகிறுகிறது. அந்த மொத்த அதிர்ச்சியும் எலும்பின் மேல்தான். ஆகவே, பத்து ஓட்டை உடைக்கிற மாஸ்டரைவிட, மூன்று ஓட்டை உடைக்க முடியாமல் போகிற சிறுவனுக்குத்தான் ஆபத்து அதிகம். அவன் கையில் எடை குறைவு, வேகமும் குறைவு. கூட்டத்தைப் பார்த்த பயத்தில் கடைசி நேரத்தில் தயங்குவான், குறியும் பிசகும். முஷ்டியால் குத்தும்போது குறி தவறினால் சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கை எலும்பு முறியும். மருத்துவர்கள் இதை ‘பாக்ஸர் முறிவு’ என்பார்கள். வளரும் பிள்ளைகளின் எலும்பு முனையில் வளர்ச்சித் தட்டு என்னும் மென்மையான பகுதி இருக்கிறது. பதின்ம வயதின் பிற்பகுதியில்தான் அது முழுதும் இறுகும். அங்கே அடிபட்டால் விரல் கோணலாகவோ குட்டையாகவோ வளர வாய்ப்புண்டு. நெருப்பு வைப்பதால் பயிற்சிக்கு எந்தப் பயனும் இல்லை. சட்டைக் கையில் பெட்ரோல் தெறித்துப் பற்றிக்கொள்ளும் அபாயம்தான் கூடுகிறது.

ஓடு உடைப்பது இந்தக் கலையின் மரபு அல்லவா என்று கேட்பார்கள். மரபுதான். மாஸ் ஒயாமா நிறுவிய கியோகுஷின் கராத்தேயில் சண்டை சமநிலையில் முடிந்தால், உடைத்த பலகைகளை எண்ணி வெற்றியாளரைத் தீர்மானிக்கும் முறை உண்டு. ஆனால் அங்கே மோதுகிறவர்கள் பல ஆண்டு பழகிய பெரியவர்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தே இடம்பெற்றபோது கட்டா (தனியாகச் செய்துகாட்டும் அசைவு வரிசை), குமிட்டே (இருவர் மோதல்) இரண்டுக்குத்தான் பதக்கம். உடைப்புக்கு இடமே இல்லை. ‘தன்னம்பிக்கை வருகிறது’ என்ற வாதத்துக்கு இன்னும் மரியாதை தர வேண்டும், ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. ஆனால் பேருந்தில் மணிக்கட்டைப் பிடிப்பவனிடமிருந்து விடுபட ஒரு பெண்ணுக்குத் தேவை, அசைகிற ஆளோடு மோதிப் பழகிய நம்பிக்கை. ஓடு அசையாது, திருப்பி அடிக்காது. அரசுப் பள்ளி மாணவிகளுக்குக் கிடைக்கும் தற்காப்புப் பயிற்சியோ சில மாதங்கள்தான். அதில் ஒரு வாரத்தை ஓட்டுக்குக் கொடுப்பதே நஷ்டம்.

‘இத்தனை வருடத்தில் யாருக்கு என்ன ஆனது?’ என்பது அடுத்த கேள்வி. உடைந்த ஓடு செய்தியாகும். முண்டியம்பாக்கம் மருத்துவமனையில் எடுத்த எக்ஸ்ரே செய்தியாகாது. செய்தியில் வராததை நடக்காதது என்று எடுத்துக்கொள்ள முடியாது. செய்தியானதும் உண்டு: 2018 ஜூலையில் கோவை அருகே ஒரு கல்லூரியில் பேரிடர் ஒத்திகையின்போது மாடியிலிருந்து தள்ளப்பட்ட மாணவி சன்ஷேடில் மோதி இறந்தார். பயிற்சியாளருக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பிறகு சொன்னது. அது கராத்தே அல்ல. ஆனால் சீருடையும் தோரணையும் பார்த்து, தகுதியைக் கேட்காமல் மாணவர்களை ஒப்படைக்கும் பழக்கம் அதேதான். கராத்தேயில் நிலைமை இன்னும் குழப்பம். தேசிய சங்கத்தின் அங்கீகாரத்தையே 2020-ல் இந்திய ஒலிம்பிக் சங்கம் ரத்து செய்தது. பிளாக் பெல்ட்டை யார் கொடுத்தார், எதற்காகக் கொடுத்தார் என்று பெற்றோர் எங்கே போய் விசாரிப்பது?

மாஸ்டர்களின் பிழைப்பு எனக்குப் புரிகிறது. மாதச் சந்தாவில் வகுப்பு நடத்துகிறவருக்கு டெமோதான் விளம்பரம். ஓடு உடைந்தால்தான் அடுத்த மாதம் ஐந்து பிள்ளைகள் சேர்வார்கள். அப்படியானால் அவரே உடைக்கட்டும். பதினெட்டு வயது தாண்டிய மூத்த மாணவர் உடைக்கட்டும். பிள்ளைகளுக்குக் கட்டாவும், காப்பு அணிந்த குமிட்டேயும், பிடியிலிருந்து விடுபடும் முறையும் மேடையேறட்டும். இதற்கு அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆண்டு விழா நிகழ்ச்சி நிரலில் கையெழுத்துப் போடும் தலைமையாசிரியர் ‘ஓடு’ என்ற வரியை அடித்துவிட்டால் போதும்.