மிளகு மூட்டைக்கு எந்த ஊர்?

இலங்கையின் மாத்தளையில் பறித்துக் காயவைத்த மிளகு கொழும்பில் கப்பலேறினால், தூத்துக்குடிக்கு ஒரு ராத்திரிப் பயணம்தான். அதற்கான காகிதங்கள் ஒன்றுசேரத்தான் அதைவிடப் பல மடங்கு நாள் பிடிக்கும். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பி.எல். என்ற கப்பல் சரக்குச் சீட்டு, பயிர் நலச் சான்றிதழ் எல்லாம் இருந்தும், ஒரு தாள் இல்லாவிட்டால் வியாபாரமே கவிழ்ந்துவிடும். அது மூலச் சான்றிதழ்.

மிளகுக்கு இந்தியா வைத்திருக்கும் அடிப்படைச் சுங்க வரி 70 சதவீதம். 1998 டிசம்பரில் கையெழுத்தாகி, 2000 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ள இந்திய–இலங்கைத் தாராள வர்த்தக உடன்படிக்கையின் கீழ், ஆண்டுக்கு 2,500 டன் இலங்கை மிளகு அந்த வரி இல்லாமல் வரலாம். அதற்கு, ‘இது இங்கே விளைந்தது’ என்று கொழும்பிலுள்ள வர்த்தகத் திணைக்களம் மூலச் சான்றிதழில் முத்திரை குத்தித் தரவேண்டும். இந்தியாவிலிருந்து போகும் சரக்குக்கு அதே வகைச் சான்றிதழை ஏற்றுமதி ஆய்வுக் கவுன்சிலின் முகமைகள் தருகின்றன. ஒரே உடன்படிக்கை, ஒரே மாதிரிப் படிவம். ஆனால் அந்தத் தாள் உண்மை என்பதற்கு யார் பொறுப்பு என்று கேட்டால், இரண்டு கரையிலும் இரண்டு பதில் கிடைக்கும்.

இலங்கையில் பொறுப்பு முத்திரைக்கு. திணைக்கள அதிகாரி விவரங்களைப் பார்த்து ஒப்பமிட்டால் ஏற்றுமதியாளர் நிம்மதியாகப் போய்விடலாம். இந்தியாவிலும் நெடுநாள் அப்படித்தான் இருந்தது. வியட்நாம் மிளகு இலங்கை வழியாகச் சுற்றி வருகிறது என்று குடகிலும் வயநாட்டிலும் விவசாயிகள் கொதித்தார்கள். 2017 டிசம்பரில் இந்தியா, கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்து மிளகு இறக்குமதி செய்ய முடியாதபடி அடிவிலை வைத்தது. 2019 டிசம்பரில் இலங்கையும் வெளிநாட்டு மிளகை இறக்கி மறுபடி ஏற்றுமதி செய்வதைத் தடுத்தது. 2020 செப்டம்பர் 21 முதல் இந்தியாவில் புது விதிகள் வந்தன. சான்றிதழ் கையில் இருந்தால் மட்டும் போதாது. சரக்கு எப்படி, எங்கே உருவானது என்ற விவரத்தை இறக்குமதியாளரே திரட்டி, ஐந்தாண்டு பாதுகாத்து, அதிகாரி கேட்டால் காட்டவேண்டும்.

பெரிய கம்பெனிக்கு இது ஒரு கோப்பு. தூத்துக்குடியில் ஆண்டுக்கு இரண்டு மூன்று கன்டெய்னர் இறக்கும் ஒருவருக்கு இது பாரம். மாத்தளையில் எந்தத் தோட்டத்து மிளகு, எந்தத் தரகர் கைவழி எந்த மூட்டைக்குள் வந்தது என்பதை அவர் எங்கே போய் விசாரிப்பார்? ஏமாற்று நடக்கிறது என்பது உண்மை. அதைப் பிடிக்கும் வேலையைச் சின்ன வியாபாரி தலையில் ஏற்றியது சரியில்லை என்றே நினைக்கிறேன்.

தெரிந்த இறக்குமதியாளர் ஒருவரோடு ஒருமுறை கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். இன்வாய்ஸில் 12,480 கிலோ. மூலச் சான்றிதழில் 12,840. யாரோ தட்டச்சு செய்கையில் இரண்டு இலக்கம் இடம் மாறிவிட்டது. இறக்குமதிப் பிரகடனமான பில் ஆஃப் என்ட்ரி ஆன்லைனில் ஏறியிருந்தது. மறுநாள் கணினியில் கேள்வி வந்தது. கேட்ட அதிகாரி எந்த ஊரில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. 2020இல் வந்த முகமறியா மதிப்பீட்டு முறையில், தூத்துக்குடிச் சரக்கின் தாளை வேறொரு துறைமுகத்து அதிகாரி பார்ப்பது சகஜம். “நேர்ல போய் மூட்டைய எண்ணிக் காட்டிரலாம்ணே, யார்கிட்டன்னுதான் தெரியல,” என்றார் ஏஜென்ட். கொழும்பிலிருந்து திருத்திய தாள் வரும்வரை டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே இருந்தது.

கொழும்பில் இப்படி ஒன்று நேர்ந்தால் கிளியரிங் ஏஜென்ட்டின் ஆளான வார்ஃப் கிளார்க் பார்த்துக்கொள்வார். கஸ்டெக் என்று அவர்கள் சொல்லும் சுங்கப் பிரகடனம் அங்கேயும் கணினியில்தான் ஏறுகிறது. அதன் பிறகும் அச்செடுத்த தாள், பற்றுச்சீட்டு, டெலிவரி ஓடர் எல்லாம் ஒரு கோப்பில் சேர்ந்து மேசை மேசையாக நடந்திருக்கிறது, நீண்ட காலமாக. ஒவ்வொரு மேசையும் நேரத்தைத் தின்னும், சில மேசைகள் காசையும் தின்னும் என்று கொழும்பின் புறக்கோட்டை வியாபாரிகள் அலுத்துக்கொள்வார்கள். ஆனாலும் எண் பிழையென்றால் வார்ஃப் கிளார்க் அதிகாரியின் முகத்தைப் பார்த்து, “சேர், இது டைப்பிங் பிழை” என்று சொல்ல முடிகிறது. எனக்கு இந்தியாவின் திரைதான் பிடிக்கும். கையூட்டுக்கு அங்கே இடம் குறைவு. அந்தத் திரைக்குப் பின்னால் பேச ஒரு ஆள் வேண்டும் என்று மட்டும் கேட்கிறேன்.

சட்டப்படி கேட்கும் காகிதங்களின் எண்ணிக்கையை இந்தியா 2015இல் மூன்றாகச் சுருக்கியது: பி.எல்., பேக்கிங் லிஸ்டோடு சேர்ந்த இன்வாய்ஸ், ஷிப்பிங் பில் அல்லது பில் ஆஃப் என்ட்ரி. உணவுப் பொருளென்றால் பயிர்த் தொற்றுத் தடுப்பும் உணவுப் பாதுகாப்பும் வந்து தொற்றிக்கொள்ளும். இலங்கைச் சுங்கம் இன்றும் 1869ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் மேல்தான் நிற்கிறது. அங்கே வியாபாரியின் தூக்கத்தைக் கெடுப்பது சுங்கத்தைவிட வர்த்தமானி என்ற அரசிதழ். பெரிய வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் விசேட வியாபாரப் பண்ட அறவீடு ஓர் இரவில் மாறும். கப்பல் கடலில் இருக்கும்போதே கணக்கு தலைகீழாகும்.

இந்தியாவும் சளைத்ததில்லை. 2023 டிசம்பரில் வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியபோது, புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெரு நாசிக் வெங்காயத்துக்குத் தவித்தது. 2024 ஏப்ரலில் இலங்கைக்கென்று 10,000 டன் தனியாக அனுமதித்தார்கள். அதையும் ஒரு கூட்டுறவு நிறுவனத்தின் வழியாக மட்டும். முறையான காகிதம் வைத்திருந்த தனியார் ஏற்றுமதியாளர்கள் கைகட்டி நின்றார்கள்.

காகிதத்துக்கு வழியே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை மஞ்சளில் பார்த்தோம். 2019 டிசம்பரில் இலங்கை மஞ்சள் இறக்குமதியை நிறுத்தியது. அதன்பின் வேதாளை, பாம்பன் கரைகளில் மஞ்சள் மூட்டைகள் பிடிபட்ட செய்தி வராத மாதம் அரிது. மன்னார்ப் பக்கத்திலும் அதே கதை. கைதானவர்களில் பலர் கூலிக்குப் படகு ஓட்டியவர்கள்.

இந்த வியாபாரத்தின் இரண்டு முனையிலும் பேச்சு தமிழ். நாம் அரசிதழ் என்பதை அவர்கள் வர்த்தமானி என்கிறார்கள். நாம் கன்டெய்னர் என்றால் அவர்கள் கொள்கலன். தொலைபேசியில் எல்லாம் புரிந்துவிடுகிறது. ஒப்பமிடும் படிவம் மட்டும் இரு கரையிலும் ஆங்கிலம். மூலச் சான்றிதழில் சரக்கின் தகுதியைக் குறிக்கும் ஒரு கட்டம் உண்டு. முழுக்க அந்த நாட்டிலேயே விளைந்ததா, இல்லை வெளிப்பொருள் கலந்து குறைந்தது 35 சதவீத மதிப்பு அங்கே சேர்ந்ததா என்று அதில் சொல்லவேண்டும். நான் பார்த்த பலர் ஏஜென்ட் காட்டிய இடத்தில் பேனாவை வைக்கிறார்கள். அந்தக் கட்டத்தின் கீழே, ‘பொருள் முழுவதும் இந்நாட்டில் விளைந்ததா?’ என்று ஒரு வரி தமிழில் அச்சிட, இரண்டு அரசுகளுக்கும் எந்தப் புது உடன்படிக்கையும் தேவையில்லை.