'ஆசியர்' என்றொரு அளவு: ஒரு மருந்தாய்வை வாசித்தல்

2005 அக்டோபரில் அமெரிக்க மருந்தியல் ஏடொன்றில் ஓர் ஆய்வறிக்கை வெளியானது. ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ரோசுவாஸ்டேட்டின் மாத்திரையைப் பற்றியது. அதைக் கிரெஸ்டார் என்ற பெயரில் விற்ற ஆஸ்ட்ராஜெனிகாவின் ஆய்வு. சிங்கப்பூரில் வசிக்கும் வெள்ளையர் 36 பேர், சீனர் 36 பேர், மலாய்க்காரர் 35 பேர், இந்தியர் 35 பேர். எல்லோரும் நோய் இல்லாதவர்கள். ஆளுக்கு 40 மில்லிகிராம், ஒரே ஒரு தடவை. அப்புறம் மணிக்கணக்கு வைத்து ரத்தம் எடுத்து, எந்த நேரத்தில் எவ்வளவு மருந்து ரத்தத்தில் இருக்கிறது என்று கோடு வரைந்தார்கள். ஏறி இறங்கும் அந்தக் கோட்டின் கீழே அடங்கும் பரப்புதான் உடம்பு அந்த மருந்துக்கு எவ்வளவு ஆட்பட்டது என்பதன் கணக்கு. வெள்ளையருக்கு 1 என்று வைத்துக்கொண்டால் சீனருக்கு 2.31, மலாய்க்காரருக்கு 1.91, இந்தியருக்கு 1.63.

இந்த நான்கு எண்களை ஒரு பிரதியாக வைத்து வாசித்துப் பார்ப்பதே என் உத்தேசம். நம் வட்டத்தில் இந்த மாதிரி விஷயம் பேச்சுக்கு வந்தால் இரண்டு நிமிஷத்தில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். இனம் என்பது கட்டமைக்கப்பட்டது, ஆகவே இன ஒப்பீட்டு ஆய்வு மொத்தமும் புரட்டு, முடிஞ்சது சோலி. டாக்டர் நண்பர்களைக் கேட்டால், எண் எண்தானே, உங்க ஃபூக்கோவைக் கொஞ்சம் மடிச்சு வையுங்க என்பார்கள். இரு தரப்புக்கும் அறிக்கையைப் படிக்கிற வேலை மிச்சம்.

முதலில் அந்த 1. வெள்ளையரை ஒன்றாக வைப்பதில் கணக்குக்குக் கட்டாயம் எதுவும் கிடையாது. சீனரை ஒன்றாக வைத்தால் வெள்ளையருக்கு 0.43 வரும். செய்தியே மாறிப்போகும்: வெள்ளை உடம்பு மருந்தைச் சரியாக ஏற்காத உடம்பு, இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்தால்தான் அதற்கு வேலைக்காகும். இப்படி எழுதிய அட்டவணை ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை. மருந்தின் 'வழக்கமான அளவு' பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க உடம்புகளை வைத்தே முதலில் தீர்மானமாகிறது. பிறகு வருகிற உடம்புகள் அதிலிருந்து விலகியவை ஆகிவிடுகின்றன.

அடுத்தது அந்த நான்கு பெயர்கள். சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்பது சிங்கப்பூர் அரசு தன் குடிமக்களைப் பிரித்து வைத்திருக்கும் வாய்பாடு. பிறந்த குழந்தைக்குப் பெரும்பாலும் அப்பாவின் இனத்தையே பதிவார்கள்; கலப்பு மணத்தில் பிறந்தவர்கள் இரண்டு இனத்தையும் சேர்த்து எழுதிக்கொள்ள 2011இல்தான் வழி வந்தது. வாய்பாட்டின் வேர் இன்னும் பின்னால் போகிறது. நீரிணைக் குடியேற்றங்களில் வெள்ளைக்காரர் 1891இல் எடுத்த குடிக்கணக்கில் 'தமிழரும் இந்தியாவின் பிற சுதேசிகளும்' என்று ஒரு தலைப்பு இருந்தது. பிறகு தமிழர் 'இந்தியர்' என்பதற்குள் அடங்கினார்கள். இன்றைய சிங்கப்பூர்க் கணக்கில் தமிழர், மலையாளி, பஞ்சாபி, சிந்தி, இலங்கைத் தமிழர், பாகிஸ்தானி, வங்காளி எல்லாரும் இந்தியர்தான். தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் ஆள் எண்ணிய ஒரு நிர்வாகம் போட்ட கட்டம், ஈரல் எப்படி மருந்தைக் கையாள்கிறது என்று பிரித்துக் காட்டும் கட்டமாகவும் ஆகிவிட்டது. அந்த 35 பேரின் ரத்தம் பொய் சொல்லவில்லை. அதற்கு மேலே ஒட்டிய தலைப்புச் சீட்டை எழுதியது வேறு ஒரு அலுவலகம்.

ஆய்வாளர்கள் அசட்டையாக இருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். தலைப்பிலேயே 'ஒரே சூழலில் வசிக்கும்' வெள்ளையரும் ஆசியரும் என்று போட்டிருக்கிறார்கள். ஜப்பானில் எடுத்த எண்ணை அமெரிக்காவில் எடுத்த எண்ணோடு ஒப்பிட்டால் சாப்பாட்டு வித்தியாசமும் தட்பவெப்பமும் உள்ளே புகுந்துவிடும் என்ற முன்யோசனை அது. ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் மூன்றும் சேர்ந்து 1998இல் வகுத்த இ5 என்ற வழிகாட்டி நெறி ஒன்று இருக்கிறது. ஒரு நாட்டில் சோதித்த மருந்தை இன்னொரு நாடு ஏற்க வேண்டுமென்றால் இனக் காரணிகளை எப்படிப் பார்ப்பது என்று சொல்வது. அது காரணிகளை அகம், புறம் என்று பிரிக்கிறது. (நமக்குப் பழகிய சொற்கள்தான், ஆனால் இங்கே காதலும் போரும் இல்லை.) மரபணு, வயசு, ஈரல் சிறுநீரகத்தின் நிலை இதெல்லாம் அகம். உணவு, புகை, பழகிய வைத்திய முறை இதெல்லாம் புறம். சிங்கப்பூர் ஆய்வு புறத்தைச் சமன் செய்துவிட்டு அகத்தை மட்டும் அளக்கப் பார்க்கிறது.

சமன் ஆகுமா? 1976இல் நியூயார்க்கில் காப்பஸ், கானி முதலியோர் நோயில்லாத ஆண்கள் சிலரைக் கொஞ்ச நாள் மாவுச்சத்து மிகுந்த சாப்பாட்டிலும், கொஞ்ச நாள் புரதம் மிகுந்த சாப்பாட்டிலும் வைத்துப் பார்த்தார்கள். புரதச் சாப்பாட்டில் ஆண்டிபைரின், தியோஃபிலின் இரண்டு மருந்தையும் அதே உடம்பு வேகமாக வெளியேற்றியது. கரியடுப்பில் சுட்ட மாட்டுக்கறி கொடுத்துச் செய்த ஆய்வு ஒன்றும் உண்டு. அதிலும் மருந்து சீக்கிரம் கரைந்தது. ஒரே ஆள், ஒரே மரபணு, தட்டு மட்டும் மாறியது. 1980இல் லான்செட்டில் 'ஆசியச் சைவர்கள்' பற்றி ஓர் ஆய்வு வந்தது. ஆண்டிபைரினை அவர்கள் மெதுவாகவே வெளியேற்றினார்கள். 'ஆசியர்' என்ற சொல்லும் 'சைவர்' என்ற சொல்லும் அங்கே தோளில் கைபோட்டு நிற்பதைப் பார்க்க எனக்குச் சிரிப்பாக இருந்தது. எந்த ஆசியர் சைவர், யார் வீட்டில் மாட்டுக்கறி வேகும் என்று நம்மூரில் யாரும் இனத்தை வைத்துக் கேட்பதில்லை, சாதியை வைத்துத்தான் கேட்கிறார்கள். ரோசுவாஸ்டேட்டின் சாப்பாட்டுக்கு இந்த அளவு ஆடுகிற மருந்தில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஒரே தீவில் குடியிருப்பதை 'ஒரே சூழல்' என்று எழுதுகிற வசதியை அந்தத் தீவின் ஒப்பந்தத் தொழிலாளர் விடுதியைப் பார்த்தவர்கள் அவ்வளவு சுலபமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அட்டவணை ஆய்வேட்டில் அடங்கி இருக்கவில்லை. அறிக்கை அச்சாவதற்கு முன்பே, 2005 மார்ச்சில், அமெரிக்காவில் மருந்துக் குறிப்பு மாறியது: ஆசிய நோயாளிகளுக்கு 5 மில்லிகிராமில் தொடங்குவதைப் பரிசீலிக்கவும். ஐரோப்பாவில் 40 மில்லிகிராம் ஆசியருக்குக் கூடவே கூடாது. மூன்று எண்கள் ஒரே சொல்லுக்குள் போய்விட்டன. அந்தச் சொல்லுக்கு எல்லை எது? அமெரிக்க அரசின் 1997ஆம் வருஷத்து வரையறைப்படி தூரகிழக்கும் தென்கிழக்கும் இந்தியத் துணைக்கண்டமும் ஆசியர். மத்திய கிழக்கு வெள்ளையர். பலூசிஸ்தானில் எல்லைக்கு இந்தப் பக்கம் பிறந்தால் ஆசியர், அந்தப் பக்கம் ஈரானில் பிறந்தால் வெள்ளையர். 2024இல்தான் மத்திய கிழக்குக்குத் தனிக்கட்டம் கொடுத்தார்கள். அதனால் ஒருத்தருக்கும் ஈரல் மாறியிருக்காது.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படுகிற ஆய்வுக்கு வருகிறேன். 2009இல் ஹெல்சிங்கியில் நடந்தது. அதே மருந்து, நோயில்லாத 32 பேர், எல்லோரும் ஃபின்லாந்துக்காரர்கள், அதாவது வெள்ளையர். இவர்களை ஏ.பி.சி.ஜி.2 என்ற மரபணுவில் ஓர் எழுத்து எப்படி இருக்கிறது என்று பார்த்துப் பிரித்தார்கள். அந்த மரபணு செய்யும் புரதம் குடலிலும் ஈரலிலும் இருந்து மருந்தை வெளியே தள்ளுகிற ஒரு பம்பு. பெற்றோர் இருவரிடமிருந்தும் மாறிய வடிவத்தை வாங்கியவர்களுக்கு பம்பு மந்தம். அவர்கள் ரத்தத்தில் மருந்தின் அளவு, வழக்கமான வடிவம் உள்ளவர்களைவிட 144 சதவீதம் கூடுதல். 2.44 மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் சீனருக்கும் வெள்ளையருக்கும் நடுவே கண்ட 2.31ஐ விடப் பெரிய இடைவெளி, ஒரு சீனர்கூட இல்லாத அறையில் இருக்கிறது. மாறிய வடிவம் கிழக்காசியரிடம் சுமார் 30 சதவீதமும் ஐரோப்பியரிடம் சுமார் 10 சதவீதமும் இருப்பதால், சராசரி எடுத்தால் இன வித்தியாசம் போலத் தெரிகிறது. 'ஆசியர்' என்ற எச்சரிக்கையால் அந்த மந்தமான பம்பு உள்ள ஃபின்லாந்துக்காரருக்கு ஒரு பாதுகாப்பும் இல்லை. நல்ல பம்பு உள்ள சீனருக்கோ மருந்து போதாமல் போகலாம்.

பார்த்தீர்களா, எல்லாம் மரபணுதான், இனம் காலி என்று கைதட்டிவிட்டு எழுந்துபோகவும் முடியவில்லை. 2015இல் வந்த ஆய்வில், தொடர்புடைய இரண்டு மரபணுக்களிலும் வழக்கமான வடிவமே உள்ளவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தபோதும் கிழக்காசியரிடம் அளவு கூடுதலாகவே இருந்தது. தெரியாத ஒரு மிச்சம் அங்கே இருக்கிறது. இன்னொன்று இதைவிடக் கடுமை. கார்பமசெபின் என்ற வலிப்பு மருந்தைச் சாப்பிட்ட சிலருக்குத் தோல் தீப்பட்டது போல உரிந்து உயிரே போய்விடும். 2004இல் தைவானில் அப்படிப் பாதிக்கப்பட்ட 44 பேரைச் சோதித்ததில் 44 பேரிடமும் எச்.எல்.ஏ-பி 1502 என்ற வகை இருந்தது. மருந்தைத் தாங்கியவர்களிடம் 3 சதவீதம்தான். இது மருந்தை உடம்பு கரைக்கும் விஷயமில்லை, எதிர்ப்புச் சக்தியின் விஷயம். ஆனால் பாடம் ஒன்றுதான். அந்த வகை ஹான் சீனரிடமும் மலாய்க்காரரிடமும் அதிகம், ஐரோப்பியரிடம் மிக அபூர்வம். ஐரோப்பிய நோயாளிகளை மட்டும் வைத்துச் சோதித்தால் கண்ணிலேயே படாது. இனம் என்று பேசவே கூடாது என்று நாம் முழங்கிக்கொண்டிருந்தால் சாகிறவர் ஒரு சீனப் பெண்ணாகவோ மலாய்ப் பையனாகவோ இருப்பார். 2013இல் சிங்கப்பூர், மருந்து தொடங்குவதற்கு முன்பே ஆசிய வம்சாவளியினருக்கு இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லி அதற்கு மானியமும் கொடுத்தது. இனப்பெயர் அங்கே சோதனைக்கு அழைத்துப்போகிற வழியாக மட்டும் நிற்கிறது. தீர்ப்பைச் சோதனை சொல்கிறது. ரோசுவாஸ்டேட்டின் குறிப்பில் இனப்பெயரே அளவைத் தீர்மானிக்கிறது. என் விமர்சனம் இந்த இரண்டாவதன் மீதுதான்.

இப்படித் தனித்தனியாகச் சோதித்துப் பார்க்க நம்மிடம் வசதி எங்கே என்பார்கள். சென்னையின் பழைய கதை ஒன்று இருக்கிறது. 1956இல் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையத்தை, நோயாளி சானடோரியத்தில் படுக்காமல் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் குணமாவார் என்று 1959இல் நிரூபித்ததற்காக உலகமே அறியும். அதே மையம் ஐசோனியசிட் மருந்தை உடம்பு எவ்வளவு வேகமாகச் செயலிழக்கச் செய்கிறது என்பதையும் நோயாளிகளிடம் ஆளாளுக்கு அளந்தது. சுமார் 60 சதவீதம் பேர் மெதுவாகச் செய்பவர்கள், மற்றவர்கள் வேகக்காரர்கள். வாரம் ஒருமுறை மருந்து கொடுக்கும் முறையில் வேகக்காரர்களுக்குக் குணம் குறைவாக இருந்தது. மெதுவானவர்களுக்குக் கைகால் எரிச்சல், மரத்துப்போதல் கூடுதல். அதற்கு பி6 வைட்டமின் சேர்த்துக் கொடுத்தார்கள். பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டாக நடத்திய இடம் அது, நோயாளிகள் சென்னையின் ஏழைகள். அதைப் புனிதமாக்க நான் வரவில்லை. ஆனால் அங்கே கேட்ட கேள்வி 'இந்தியர் எப்படி' என்பதோடு நிற்கவில்லை, 'இந்த நோயாளி எப்படி' என்றும் கேட்டது.

அந்த 60 சதவீதத்தை இன்னொரு விதமாகவும் படிக்கலாம். ஐரோப்பியரிலும் பாதிக்கு மேல் மெதுவானவர்களே. ஜப்பானியரிலோ 10 சதவீதம் அளவுதான். ஐசோனியசிட்டைக் கேட்டால் தமிழர் ஐரோப்பியர் பக்கம், ஜப்பானியர் தனி. ரோசுவாஸ்டேட்டினைக் கேட்டால் தமிழரும் ஜப்பானியரும் ஒரே 'ஆசியர்'. ப்ரொப்ரானலாலைக் கேட்டால் இன்னும் குழப்பம்: 1989இல் அமெரிக்காவில் 10 சீன வம்சாவளி ஆண்களையும் 10 வெள்ளை ஆண்களையும் ஒப்பிட்டபோது சீன வம்சாவளியினர் அந்த மருந்தை வேகமாக வெளியேற்றினார்கள், அப்படியும் அவர்களுக்கு அதன் வேலை இரண்டு மடங்குக்கு மேல் உறைத்தது. மருந்துக்கு மருந்து இனத்தின் எல்லை நகர்கிறது. ஒவ்வொரு மருந்தும் தனக்கென ஒரு தேசப்படம் போட்டுக்கொள்கிறது, நம்முடைய பாஸ்போர்ட்டை அது பார்ப்பதில்லை.

கடைசியாக, 'ஆரோக்கியமான தன்னார்வலர்' என்ற சொற்றொடர். தன் ஆர்வத்தால் வந்தவர் என்று அர்த்தம். மருந்தால் தனக்கு ஒரு பலனும் இல்லாத ஆள் ரத்தம் கொடுக்க ஏன் வருகிறார்? பணம் கிடைக்கிறது, வருகிறார். காப்புரிமை முடிந்த மருந்துகளின் நகலை மூலத்தோடு ஒப்பிடும் ஆய்வுகள் இந்தியாவில் நிறைய நடக்கின்றன. அந்த எண்களை வைத்தே அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நகல்களுக்கு அனுமதி கேட்கிறார்கள். 2011இல் ஆந்திராவின் பிடுகுராளாவிலிருந்து கூலிப் பெண்கள் ஹைதராபாதுக்கு அழைத்துப்போகப்பட்டு ஒரு புற்றுநோய் மருந்துக்கு இப்படித் தன்னார்வலர் ஆனது செய்தித்தாள்களில் வந்தது. இந்த வகை ஆய்வில் ஒரே ஆளுக்கு ஒரு தடவை மூல மருந்தும் இன்னொரு தடவை நகலும் கொடுத்து, அவருடைய இரண்டு வளைகோடுகளையும் ஒப்பிடுவார்கள். அதனால் ஆள் எந்த இனம் என்பது பெரிதாகக் கணக்கில் வராது. அறிவியல்படி அது சரியான காரணம்தான். அமெரிக்க நோயாளிக்குப் போகும் மாத்திரைக்கு ஒரு தெலுங்குக் கூலிப் பெண்ணின் ரத்தமே போதுமான சாட்சி. அங்கே அவள் 'ஆசியர்' இல்லை, வெறும் மனித உடம்பு. அதே பெண் அமெரிக்கக் குறிப்போடு வரும் ரோசுவாஸ்டேட்டினை என்றைக்காவது சாப்பிட நேர்ந்தால், மறுபடி ஆசியர் ஆகி 5 மில்லிகிராமில் தொடங்குவாள். அவளுடைய பம்பு எப்படி வேலை செய்கிறது என்று இரண்டு இடத்திலும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.