மோதலுக்குத் தைத்த சட்டை

பள்ளிப் பிள்ளைகள் ரோபோ செய்து மோதும் ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டியில் எல்லோர் கண்ணும் ரோபோவின் கைமேல்தான். எனக்குப் பிடித்தது அதன் இடுப்பைச் சுற்றிய பம்பர். ஒட்டுப்பலகை, அதன்மேல் நுரைக்குழாய், அதற்கும் மேலே சிவப்பிலோ நீலத்திலோ முரட்டுத்துணி. மூலையில் சுருக்கம் விழாமல் மடித்து, ஸ்டேப்ளர் ‘டக்’கென்று இறங்கும்வரை விரலால் இழுத்துப் பிடிக்க வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு இவ்வளவு பொறுமை எங்கிருந்துதான் வருகிறதோ! ஊர் நூலகத்துக்கு ரோபோவைக் கொண்டுபோனால், வாண்டுகள் பயமில்லாமல் தட்டிப் பார்ப்பதும் அந்தப் பம்பரைத்தான்.

இந்தப் போட்டியின் 2024 ஆட்டத்தில் முதல் 15 விநாடி ரோபோ தானாகவே ஓடியது. ஓட்டுநர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அந்தத் தவிப்பும் ஓர் அழகு. அதைவிட, அடுத்து மோதப்போகும் அணி உதிரிபாகம் கேட்டால் தங்கள் பெட்டியைக் குடைந்து எடுத்துக்கொண்டு ஓடுகிறார்களே பிள்ளைகள், அது!