செஞ்சிப் பிள்ளைகளுக்கு வாய்த்த கவிதை

பிளஸ் டூ ஆங்கிலம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கைடும் மெமரி பொயமும்தான். உருப்போட்டதைத் தேர்வுத்தாளில் இறக்கிவைத்துவிட்டு மறுநாளே மறந்துவிடுவார்கள். ஆனால் 2019இல் வந்த தமிழ்நாட்டுப் பாடநூலில் இருப்பது லேசான சரக்கல்ல. ஷேக்ஸ்பியர், டென்னிசன், பிரௌனிங், சவுக்கு மரத்தைப் பாடிய தோரு தத் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். கூடவே எட்வின் மியூரின் 'தி காஸில்'. இந்த ஒன்றை மட்டும் செஞ்சி, தளவானூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் ரசிப்பதுபோல வேறு ஊர்ப் பிள்ளைகள் ரசிப்பது கடினம்.

மியூர் 1887இல் ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் பிறந்தவர். இந்தக் கவிதை 1946இல் வந்த தொகுப்பில் இருக்கிறது. மொத்தம் முப்பதே வரி. ஐந்தைந்து வரியாக ஆறு கண்ணி. கோட்டைக்குள் இருந்த வீரன் ஒருவன் கதை சொல்கிறான். கோடைக்காலம். எதிரி அரை மைல் தள்ளி நிற்கிறான். இவர்களோ மதில்மேல் நின்று, வயலில் புல் அறுப்பவர்களை வேடிக்கை பார்க்கிறார்கள். தானியம் குவிந்திருக்கிறது, மதில் வழுவழுவென்று உயர்ந்திருக்கிறது, பறவை தவிர எதுவும் நுழைய முடியாது. முதல் மூன்று கண்ணியும் இந்தப் பெருமைதான்.

நான்காவது கண்ணியில்தான் வேலைப்பாடு. அங்கே ஒரு சின்னக் கதவு வருகிறது. சின்னது என்று இரண்டு முறை சொல்கிறார் மியூர். மூன்றாம் வரியும் நான்காம் வரியும் கதவு என்ற ஒரே சொல்லில் முடிகின்றன. இரண்டு முறை காட்டிய கதவை ஐந்தாம் வரியில் ஒரு கிழக் காவலாளி திறந்துவிடுகிறான். அவ்வளவுதான், கோட்டை போயிற்று. சண்டையே இல்லை.

அந்தக் கதவுக்கும் காவலாளிக்கும் போட்ட சொற்கள் நான்கும் அடுத்தடுத்து ஒரே வகர ஓசையில் தொடங்குகின்றன. தேர்வில் இதற்கு 'அலிட்டரேஷன்' என்று எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். நம் யாப்பில் மோனை. ஆனால் பெயர் சொன்னதோடு பாடம் முடிந்துவிடுமா? கதவும் காவலாளியும் ஒரே ஓசையில் பிணைந்துவிட்டதால், லஞ்சம் என்ற பேச்சு வருவதற்கு முன்பே இருவரும் கூட்டு என்று நம் காதுக்குத் தெரிந்துவிடுகிறது. லஞ்சமாகப் போன தங்கத்தின் பெயர் கடைசிக் கண்ணியில்தான் வருகிறது.

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலையை வளைத்த மதிலையும் நெற்களஞ்சியத்தையும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. முகலாயத் தளபதி சுல்பிகர் கானின் படையை ஆண்டுக்கணக்கில் காக்கவைத்து, 1698இல்தான் விழுந்தது செஞ்சி. அதே செஞ்சியை 1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் பிடித்தார். மதிலின் உயரம் மட்டும் கோட்டையைக் காப்பாற்றாது என்பது இவர்களுக்கு ஊர்க்கதை.

தளவானூரில் இன்னொரு பாடம் பாறையிலேயே இருக்கிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைவித்த சத்ருமல்லேஸ்வரம் என்ற குடைவரைக் கோயிலில் வடமொழிச் செய்யுளும் உண்டு, தமிழ்ப் பாட்டும் உண்டு. தமிழில் பாடிய செல்லன் சிவதாசன் பெயரும் அங்கேயே பொறித்திருக்கிறது. முகப்பில் இரண்டு தூண்களுக்கு நடுவே மகர தோரணம் செதுக்கியிருக்கிறார்கள். அந்தத் தோரணம் எந்தப் பாரத்தையும் தாங்கவில்லை. அழகுக்கு மட்டுமே அது. மியூரின் மோனை அப்படியல்ல, கதையின் பாரத்தையே அது தாங்குகிறது. எது அழகுக்கு, எது பாரத்துக்கு என்று பிரித்துப் பார்க்கத் தெரிவதுதான் மேல்நிலை வகுப்பில் இலக்கியம் படிப்பது.

அதற்கும் மேலே ஒரு படி உண்டு. சொல்பவனை நம்பலாமா? எங்களால் எதுவும் செய்ய முடியவில்லை, விற்கப்பட்டுவிட்டோம் என்று சாகும்வரை சாதிப்பேன் என்கிறான். கோடை முழுக்க வயலை வேடிக்கை பார்த்தவன் அந்தச் சின்னக் கதவை ஏன் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை? கைடில் தேடினால் கிடைக்கிற பதில் இல்லை இது. கவிதையை மறுபடி படிக்கவைக்கிற கேள்வி.

ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பீரியடாவது கைடை மூடிவைத்துவிட்டு, இந்த முப்பது வரியை வாய்விட்டுப் படித்துக்காட்டுங்கள். பிறகு அந்தக் கேள்வியைக் கேளுங்கள். செஞ்சிப் பிள்ளைகள் பதில் சொல்வார்கள்.