கொலைகாரர் இல்லாத கொலை

கத்தி எடுத்தவர் எவருமில்லை. கழுத்தை நெரித்த கரம் இல்லை. பாலில் நஞ்சு கலந்த பாதகரும் இல்லை. எனினும் ஒரு பெண் மாண்டாள். கிருமிநாசினியைக் குடித்துக் குடல் வெந்து மாண்டாள். தற்கொலை என்று ஒரு சொல் எழுதி ஏட்டை மூடிவிடுகிறது உலகம். மூடிய ஏட்டை மீண்டும் திறந்து, எழுதாமல் விட்ட பக்கத்தைப் படித்துக் காட்டுகிறது ஒரு நாடகம்.

ஜே. பி. பிரீஸ்ட்லி தீட்டிய 'அன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்' என்ற ஆங்கில நாடகத்தையே குறிப்பிடுகிறோம். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று அதைத் தமிழில் கூறலாம். ஆங்கிலேயர் எழுதிய நாடகமாயினும், 1945-இல் அது முதன்முதல் மேடை ஏறியது சோவியத் நாட்டில். அடுத்த ஆண்டுதான் இலண்டன் அதைக் கண்டது. கதை நடப்பதோ 1912-இல், பிரம்லி எனும் கற்பனைத் தொழில் நகரத்தில், ஆலை அதிபர் ஆர்தர் பர்லிங்கின் மாளிகையில், ஒரே இரவில்.

மகள் ஷீலாவுக்குத் திருமண நிச்சயம். மணமகன் ஜெரால்டு, பர்லிங்கினும் பெரிய ஆலை அதிபரின் மைந்தன். கிண்ணங்கள் நிறைகின்றன, முகங்கள் மலர்கின்றன. போர் வராது, டைட்டானிக் மூழ்காது, அவனவன் தன்னையும் தன் குடும்பத்தையும் கவனித்துக்கொண்டால் போதும் என்று இளைஞருக்கு உபதேசம் அருளுகிறார் பர்லிங் சீமான். உபதேசம் முடியுமுன் வாயில் மணி ஒலிக்கிறது. உள்ளே வருகிறார் கூல் எனும் போலீஸ் இன்ஸ்பெக்டர். ஈவா ஸ்மித் என்றொரு பெண் இறந்துவிட்டாள். அதுபற்றிச் சில கேள்விகள் உண்டு என்கிறார்.

யார் இந்த ஈவா? பர்லிங்கின் ஆலையில் வேலை செய்தவள். வாரத்துக்குச் சுமார் இருபத்திரண்டரை ஷில்லிங் கூலி. இருபத்தைந்து வேண்டுமெனத் தோழியரோடு நின்று கேட்டாள். வேலைநிறுத்தம் தோற்றது, முன்னின்ற குற்றத்துக்காக அவள் வெளியேற்றப்பட்டாள். இடைவெளி இரண்டரை ஷில்லிங்தான்!

இரண்டு மாதம் வேலையின்றி அலைந்தபின் ஒரு பெரிய துணிக்கடையில் இடம் கிடைத்தது. தனக்குப் பொருந்தாத ஆடையை அணிந்து பார்த்த ஷீலா, பணிப்பெண் புன்னகை புரிந்ததைக் கண்ணாடியில் கண்டாள். அந்த ஒரு புன்னகைக்காக, அவளை விலக்காவிடில் இக்கடையில் எங்கள் குடும்பம் இனிக் கணக்கு வைக்காது என்று மிரட்டினாள். ஈவா மீண்டும் தெருவுக்கு வந்தாள். அங்கே கைகொடுத்தான் ஜெரால்டு, ஆறு மாதம் ஆசைநாயகியாக வைத்திருந்தான், பிறகு கைவிட்டான். அடுத்து வந்தவன் பர்லிங்கின் மகன் எரிக். குடிவெறியில் அவள் அறைக்குள் வலிந்து நுழைந்தான், அவளைத் தாயாக்கினான், தந்தையின் அலுவலகத்தில் திருடிய பணத்தைத் தந்தான். திருட்டுப் பணம் எனத் தெரிந்ததும் இனி வேண்டாமென மறுத்தாள் அந்த ஏழை. கடைசியாக அவள் தட்டிய கதவு, பெண்களுக்கு உதவும் தருமச் சங்கம். அங்கே அதிகாரம் செலுத்தியவர் திருமதி பர்லிங்! உதவி மறுக்கப்பட்டது.

எரிக் ஒருவனை விட்டுவிட்டால், இவர்களில் எவரும் சட்டப்படி குற்றவாளி அல்லர். முதலாளிக்கு வேலைநீக்க உரிமை உண்டு. வாடிக்கையாளருக்குப் புகார் கூறும் உரிமை உண்டு. காதலனுக்குப் பிரியும் உரிமை உண்டு. சங்கத்துக்கு மனுவைத் தள்ளும் உரிமை உண்டு. உரிமைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. அடியில் கிடந்தவள் நசுங்கினாள்.

இதை விதி என்பர் சிலர். தலையில் எழுதியது என்பர். பிரீஸ்ட்லி அந்த எழுத்தை எடுத்து விளக்கடியில் வைத்துக் காட்டுகிறார். ஐந்து வரிகள், ஐந்து கையெழுத்துகள்! ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. அதனினும் கொடுமை, குழந்தைக்குக் காரணமானவனையே பொறுப்பாக்க வேண்டும், அவனுக்கு இரக்கம் காட்டலாகாது என்று முழங்குகிறார் திருமதி பர்லிங், அவன் தன் மகனே என்பதை அறியாமல்!

இவர்கள் ஈவாவைப் பார்க்கவில்லையா? பார்த்தார்கள். பர்லிங் பார்த்தது கூலிக் கணக்கை. ஷீலா பார்த்தது புன்னகையை. ஜெரால்டு பார்த்தது அழகை. எரிக் பார்த்தது தன் வெறிக்கொரு வடிகாலை. சீமாட்டி பார்த்தது ஒரு மனுவை. ஈவாவைப் பார்த்தவர் யார்?

பகுத்தறிவாளர் இங்கே ஓர் ஐயம் எழுப்பலாம். இன்ஸ்பெக்டர் சென்றபின், அப்படியொரு அதிகாரியே அந்நகரில் இல்லை என்று தெரிகிறது. கூல் என்ற பெயரே ஆங்கிலத்தில் பேயைக் குறிக்கும் சொல்லை நினைவூட்டுகிறது. பேயை மேடையேற்றும் நாடகத்தையா நாம் போற்றுவது? அந்த ஐயத்தை நாடகமே எதிர்கொள்கிறது என்பது நம் கருத்து. வந்தவர் போலி என்றதும் பெரியவர்கள் மகிழ்கிறார்கள். ஷீலாவும் எரிக்கும் மகிழவில்லை. கேட்டவர் போலியாகலாம், கேட்கப்பட்ட செயல்கள் உண்மையல்லவா என்பதே அவர்கள் கேள்வி. சொன்னவர் யார் என்று பாராமல், சொன்ன பொருள் மெய்யா என ஆராய்வதுதானே பகுத்தறிவு?

நாடகத்தின் உச்சம் எதுவென்றால், ஜெரால்டு கண்டுபிடிக்கும் தப்புவழியையே சுட்டுவோம். இன்ஸ்பெக்டர் புகைப்படத்தை எல்லோருக்கும் காட்டவில்லை, காட்டியவர்களுக்கும் தனித்தனியேதான் காட்டினார். கண்டவர்கள் கண்டது ஒரே படந்தான் என்பதற்கு என்ன சான்று? ஐந்து வெவ்வேறு பெண்களாக இருக்கலாமே! கேட்டதும் பர்லிங் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார். என்னே விந்தை! ஒருத்திக்கு இழைத்த தீங்கு ஐவருக்கு என்றானால் பாரம் குறையுமா, கூடுமா? ஒருவருக்கொருவர் அறியாத ஐந்து பெண்கள், ஐந்து தெருக்களில், ஐந்து கதவுகள் அடைபட்டு நின்றார்கள் என்பதன்றோ பொருள்! சேர்ந்து வந்தால் நெஞ்சை உறுத்தும் அநீதி, பிரிந்து வந்தால் கண்ணுக்கே படுவதில்லை. வாதாடி விடுதலை பெறப் போனவர், தண்டனையை ஐந்து மடங்காக்கிக்கொண்டார்.

குறையும் உண்டு, கூறாமல் விடோம். ஈவா மேடைக்கு வருவதே இல்லை. பேசுபவர் அனைவரும் அவளைக் கெடுத்தவர்கள். அவளுக்கு ஒரு சொல்லும் இல்லை. மேலும், அவளை அப்பழுக்கற்றவளாக, திருட்டுப் பணத்தையும் தொடாதவளாகப் படைத்திருக்கிறார் ஆசிரியர். அவள் அந்தப் பணத்தை வாங்கியிருந்தால்? கோபக்காரியாக, பொய் சொல்பவளாக இருந்திருந்தால்? அப்போது அவள் சாவு சரியாகிவிடுமா? நல்லவளுக்கு மட்டும் இரங்கும் நெஞ்சம், திருமதி பர்லிங்கின் சங்கத்தில் உறுப்பினராகத் தகுதி பெற்ற நெஞ்சம்!

அந்தச் சங்கத்தின் நோயைத் தீர்ப்பது இரக்கம் மட்டுமன்று. 1911-இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட காப்புறுதிச் சட்டம், கட்டடம், கப்பல் கட்டுதல், பொறியியல் போன்ற சில தொழில்களுக்கே வேலையில்லாக் கால உதவியை வகுத்தது. கடைச் சிப்பந்திக்கு அதில் இடமில்லை. நாடகம் இலண்டனில் அரங்கேறிய 1946-இல் தேசியக் காப்புறுதிச் சட்டம் வந்தது. 1948-இல் பழைய ஏழைகள் சட்டம் ஒழிக்கப்பட்டது. சீமாட்டியின் முகம் பார்த்துப் பெற்ற பிச்சை, சட்டத்தின் பெயரால் கேட்கும் உரிமையாக மாறத் தொடங்கிய காலம் அது. முகம் அறியாதவருக்கும் கிட்டும் நீதிக்குத்தான் சட்டம் என்று பெயர்.

ஆனால் சட்டம் வந்துவிட்டது, நம் கடன் தீர்ந்தது என்று எழுந்துவிடலாமா? மக்கள், மக்கள் என்று மேடையில் முழங்குகிறோம். கூட்டம் முடிந்தபின் அந்தத் திடலைப் பெருக்குபவரின் பெயரை என்றேனும் கேட்டோமா? தேநீர்க் கடையில் நம் கிண்ணத்தைக் கழுவும் சிறுவனிடம் நாம் வீசிய கடுஞ்சொல், அடுத்து யாருடைய சொல்லோடு சேர்ந்தது என்று அறிவோமா? பர்லிங் குடும்பத்தைக் கண்டு கைகொட்டிச் சிரிப்பது எளிது. அந்த வரிசையில் ஆறாவது நாற்காலி ஒன்று காலியாக இருப்பதைக் காண்பதுதான் கடினம்.

நாடகத்தின் இறுதியில் தொலைபேசி மணி ஒலிக்கிறது. ஒரு பெண் கிருமிநாசினி குடித்து, மருத்துவமனைக்குப் போகும் வழியில் இப்போதுதான் இறந்தாள். விசாரிக்க ஓர் இன்ஸ்பெக்டர் புறப்பட்டுவிட்டார் என்கிறது செய்தி. திரை விழுகிறது. இம்முறை அவர் எந்த வீட்டுக்கு வருவார் என்ற கேள்வி மட்டும் விழாமல் நிற்கிறது.