விற்மனின் சனநாயகமும் ஐக்கிய அமெரிக்காவின் ஆள்புல விஸ்தரிப்பும்

தமிழில் முற்போக்கு விமர்சகர்கள் வோல்ற் விற்மனைச் சனநாயகத்தின் கவிஞராகவே பெரிதும் அறிவர். பாரதி தமது உரைநடையில் அவரைப் போற்றி எழுதியமையும், வசனகவிதையின் முன்னோடியாக அவர் கொள்ளப்பட்டமையும் இதற்குக் காரணங்களாகும். ஆயின், அயல்நாட்டின் மீதான ஆக்கிரமிப்புப் போரொன்றினை அவர் ஆதரித்தாரென்பது அத்துணை கவனிக்கப்படவில்லை. இவ்விரண்டையும் முரண்பாடென ஒதுக்காது ஒருங்கே விளக்க முயல்வதே எமது நோக்கமாகும்.

1776 இல் சுதந்திரப் பிரகடனஞ் செய்த இக்குடியரசு, 1803 இல் லூசியானாப் பிரதேசத்தைப் பிரான்சிடமிருந்து 150 இலட்சம் டொலருக்கு வாங்கித் தன் நிலப்பரப்பினை ஏறத்தாழ இருமடங்காக்கிற்று. அந்நிலத்தில் வாழ்ந்த ஆதிக்குடிகள் அவ்விற்பனையில் ஒரு தரப்பாகவேனும் கருதப்படவில்லை. மிசிசிப்பி நதிக்குக் கிழக்கே வாழ்ந்த குடிகளை மேற்கே பெயர்க்க 1830 ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. 1838-39 இல் அவ்வாறு பெயர்க்கப்பட்ட செரொக்கி மக்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். 1845 இல் ரெக்சாஸ் இணைக்கப்பட்டது. கண்டமெங்கும் பரவுதல் இந்நாட்டுக்கு விதிக்கப்பட்ட ஊழ் என்னும் கருத்து, ஜோன் ஓ'சலிவனின் 'டெமோகிரற்றிக் றிவியூ' சஞ்சிகையில் அவ்வாண்டே சொல்வடிவம் பெற்றது. 1846 இல் மூண்ட போர் 1848 பெப்ரவரி உடன்படிக்கையுடன் முடிவுற்றபோது, ரெக்சாஸையும் சேர்த்து நோக்கின், மெக்சிக்கோ தன் நிலத்தில் பாதிக்கு மேல் இழந்திருந்தது.

விற்மனின் இளமைக்காலச் சிறுகதைகளும் தோரோவின் கட்டுரைகளும் 1840களில் அதே சஞ்சிகையில் இடம்பெற்றன என்பது கவனிக்கற்பாலது. போரோ இருவரையும் எதிரெதிர் நிறுத்திற்று. 'புறூக்ளின் ஈகிள்' ஆசிரியராயிருந்த விற்மன், மெக்சிக்கோ தண்டிக்கப்படுதல் வேண்டுமென 1846 இல் எழுதினார். தலைவரி செலுத்த மறுத்துவந்த தோரோ அவ்வாண்டு யூலையில் ஓரிரவு சிறையிருந்தார். அடிமைமுறையையும் இப்போரையும் நடத்தும் அரசுக்குப் பணிதல் தகாதென 1849 இல் வெளியான கட்டுரையில் வாதித்தார். எனினும், தோரோவின் எதிர்ப்பு தனிமனிதனின் மனச்சாட்சியை நம்பி நின்றதேயன்றி, ஓர் இயக்கமாக விரியவில்லை.

விற்மனின் நிலைப்பாட்டினை வெறும் தடுமாற்றமெனக் கொள்ளல் பொருந்தாது. புதிதாய்க் கிடைக்கும் நிலங்களில் அடிமைமுறை பரவலாகாதென அவர் உறுதியாக எழுதினார். 1848 தொடக்கத்தில் ஆசிரியப் பதவியை இழந்தமைக்கும் இக்கொள்கையே முக்கிய காரணமாயிற்று. ஆயின், அடிமை உழைப்பு வெள்ளைத் தொழிலாளரின் உழைப்பை இழிவுபடுத்தும் என்பதே அவரது வாதத்தின் மையம். அந்நிலங்கள் எவருடையவை என்னும் வினா அங்கு எழவேயில்லை. கைவினைஞரும் சிறுவிவசாயிகளும் சமமாய் வாழும் சமுதாயமே அவர் கண்ட சனநாயகம். அச்சமத்துவத்துக்கு நிலம் வேண்டும். அந்நிலமோ பிறரிடம் இருந்தது. ஆதலின், அவரது சனநாயகமும் விஸ்தரிப்பு ஆதரவும் ஒரே வேரின் இரு கிளைகள் என்பதே எமது கருத்து.

1855 இல் வெளிவந்த 'புல்லின் இதழ்கள்' இவ்வேரிலிருந்தே கிளைத்ததாயினும் அதனளவில் நின்றுவிடவில்லை. அதன் முதல் நெடுங்கவிதையில், தப்பியோடி வந்த அடிமையொருவனை வீட்டிலேற்றுப் புண்ணாற்றி உணவளிக்கும் காட்சி உண்டு. பத்திரிகையில் கொள்கையாக மட்டும் நின்ற அடிமைமுறை எதிர்ப்பு இங்கு மனித உறவாக மலர்கின்றது. ஆனால் அதே கவிதையில், 1836 இல் கோலியட் என்னுமிடத்தில் மெக்சிக்கப் படையினராற் கொல்லப்பட்ட ரெக்சாஸ் வீரர்க்காகக் கவிஞர் உருகும் பகுதியும் உண்டு. கொலை கொடியதே, எனினும், நிலமிழந்தோர்க்கு அத்தகைய இரங்கற்பா அங்கில்லை. யாவரையும் தன்னுள் அடக்குவதாகக் கூறும் கவிதையின் 'நான்', தழுவும்போதே தனதாக்கியும் கொள்கின்றது.

இதனால் விற்மன் சிறுமையுறுகிறாரென நாம் கொள்ளவில்லை. மக்கள் கவிஞரென ஒருவரைப் போற்றுமுன், அவர் கூறும் 'மக்கள்' எவரெவர், அச்சொல்லுக்கு வெளியே நிறுத்தப்பட்டோர் எவர் என வினவுதல் விமர்சகரின் கடமையாகும். அவ்வினாவைத் தவிர்க்கும் பாராட்டு, தேசியவாதத்தின் பெருமிதத்தையே மனிதநேயமென மயங்கிக் கொள்வதாக முடியும்.